லம்பெக்டமிக்குப் பின் மார்பக வடிவம்: எப்போது, எதை வைத்துக் கணிப்பது?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தில் கட்டியை மட்டும் அகற்றினார்கள் (லம்பெக்டமி). ரேடியேஷன் முடிந்து நான்கு மாதம். அந்தப் பக்கம் சற்றுப் பெரிதாக, கனமாக இருக்கிறது, காம்பும் மேலேறியிருக்கிறது. இனி இப்படியேதானா?

பதில்: இன்றைய வடிவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் பருமன் பெரும்பாலும் கதிர்வீச்சால் வந்த நீர்வீக்கம். அது வடியப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். வீக்கம் உள்ளே இருக்கும் பள்ளத்தையும் மறைத்துவிடும். அதனால் ஆறாவது மாதத்தில் "நன்றாக இருக்கிறது" என்று தோன்றிய மார்பகம், திசு நார்போல இறுகிச் சுருங்கிய பிறகு மூன்றாவது ஆண்டில் சிறுத்துத் தெரிவதும் உண்டு.

ஒப்பிட வேண்டியது மறு மார்பகத்தோடுதான். மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஹார்வர்டு அளவுகோலில் நான்கு படிகள்: ஏறக்குறைய ஒரே மாதிரி, சிறு வித்தியாசம், தெளிவான வித்தியாசம், கடுமையான உருக்குலைவு. பார்ப்பவர் மாறினால் படியும் மாறும் என்பது இதன் குறை. புகைப்படத்திலிருந்து கணிக்கும் பிசிசிடி.கோர் மென்பொருள் அதற்காகவே வந்தது.

வீட்டில் செய்யக்கூடியது: நேராக நின்று, கழுத்தடிக் குழியிலிருந்து இரு காம்புகளுக்கும் இன்ச் டேப்பால் அளந்து குறியுங்கள். வலது 21.5 செ.மீ., இடது 19 செ.மீ. என்றால் இடது காம்பு 2.5 செ.மீ. மேலேறியிருக்கிறது. காம்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரையும் அளக்கவும். படங்கள் நான்கு: கைகளைத் தொங்கவிட்டு, கைகளை உயர்த்தி, இரு பக்கவாட்டிலும். தூரமும் வெளிச்சமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும். கை உயர்த்தும்போதுதான் தழும்பின் இழுப்பு தெரியும். அறுவைக்கு முந்தைய அளவோ படமோ இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒத்திருப்பது யாருக்குமே அபூர்வம்.

எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் கவனிக்காத விஷயம் இது: உடல் பருக்கும்போது மறு மார்பகம் பெருக்கும், கதிர்வீச்சு பட்டது அந்த அளவுக்குப் பெருக்காது. வித்தியாசம் கூடியதற்கு அறுவை காரணமாக இருக்க வேண்டியதில்லை.

திருத்தம் வேண்டுமென்றால் வீக்கம் வடிந்து வடிவம் நிலைக்கும்வரை பொறுங்கள். கதிர்வீச்சு பட்ட திசு மெதுவாக ஆறும். அதனால் அதைத் தொடாமல் மறு மார்பகத்தைச் சிறிதாக்கிச் சமன் செய்வதும் உண்டு. பள்ளத்துக்குக் கொழுப்பு நிரப்புவது இன்னொரு வழி.

வடிந்த வீக்கம் திரும்ப வந்தாலோ, தோல் சிவந்து ஆரஞ்சுத் தோல் போலானாலோ, புதிய கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் இரத்தம் கசிந்தாலோ, அளந்துகொண்டு காத்திருக்காமல் உடனே உங்கள் சிகிச்சைக் குழுவிடம் காட்டுங்கள்.