முதலில் அந்தச் சாலை யாருடையது?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். என் மகள் பள்ளிக்கு நடந்து செல்லும் சாலையில் நடைபாதை முழுவதும் கடைச் சரக்கும் இருசக்கர வாகனங்களும் நிற்கின்றன. கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடுகூட இல்லை. சக்கர நாற்காலியில் செல்லும் என் தந்தை வெளியே வருவதையே விட்டுவிட்டார். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கு, "அது எங்கள் சாலை அன்று" என்று ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. வேகத்தடை ஒன்றாவது கேட்டுப் பெற முடியுமா?

பதில்: தாங்கள் குறைவாகக் கேட்கிறீர்கள். தடையற்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்க நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடர்ந்த பொதுநல வழக்கில்தான் அந்த உத்தரவு வந்தது என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

மனு தேங்கியதற்குக் காரணம், சாலை மாநகராட்சியுடையதா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலையா என்பது தெளிவாகாததே. இதை அறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சிக்கு விண்ணப்பியுங்கள். "எங்களுடையது அன்று" என்று அவர்கள் ஒதுங்க முடியாது. 6(3) பிரிவின்படி 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அதை மாற்றி அனுப்ப வேண்டும்.

உரிமையாளர் தெரிந்தபின் அனுப்பும் கோரிக்கையில் "பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல் அளவோடு எழுதுங்கள். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 103ஆம் எண் வழிகாட்டி, நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலமும், 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத விளிம்புக் கல் உயரமும் வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் சுட்டுங்கள். வடிவமைப்புத் தரத்தை மீறியதால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு பொறுப்பான அரசு அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. விபத்துக்கு முன் இப்பிரிவைக் கொண்டு வழக்கிட இயலாது என்றாலும், கோரிக்கையில் ஒரு வரி சேர்ப்பது கோப்பை நகர்த்தும்.

ஆக்கிரமிப்பு வேறு விஷயம். கடைக்காரர் வெளியே பரப்பிய சரக்கை அகற்றக் கேட்கலாம். தரைக்கடைப் பாட்டிமாரை அவ்வாறு விரட்டக் கேட்காதீர்கள். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. தெருவாசிகள் சேர்ந்து தாமே வேகத்தடை மேடு கட்டுவதும் வேண்டாம்: இரவில் யாரேனும் விழுந்தால் பொறுப்பு கட்டியவர் தலையில் விழும்.

நியாயமான அவகாசத்துக்குப் பின்னும் பதில் இல்லையெனில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அரசு அமைப்பு தன் கடமையைச் செய்ய உத்தரவு கோரும் ரிட் மனுவை அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் தாக்கல் செய்யலாம். நீதிபதி சாலையை வரைந்து தரமாட்டார். கோரிக்கையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலிக்கும்படியே பெரும்பாலும் உத்தரவிடுவார். எனவேதான் கோரிக்கையின் நகலும், ஒப்புகை அட்டையும், தேதியிட்ட புகைப்படங்களும் முக்கியம். பணமில்லை என்ற சாக்கை 1980இலேயே மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. தாங்கள் பெண்ணாக இருந்தால், வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் பெறத் தங்களுக்கு உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.