வசந்த கால ராத்திரி வானத்த பாக்க ஆரம்பிக்கணும், மொதல்ல டெலஸ்கோப் வாங்கணுமா?

இப்போதைக்கு வாங்காதீங்க. நான் அந்தத் தப்ப பண்ணவன். ஆசை ஆசையா ஒண்ணு வாங்கி மொத நாளே பௌர்ணமி நிலாவுக்கு நேரா திருப்பினேன், கண்ணு கூசுனதுதான் மிச்சம். பௌர்ணமி அன்னிக்கு சூரிய வெளிச்சம் நிலா மேல நேரா விழுது, நிழலே இருக்காது, நிழல் இல்லேன்னா மேடு எது பள்ளம் எதுன்னு எப்படி தெரியும்? வளர்பிறையில ஏழாம் நாள் எட்டாம் நாள் பாருங்க, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்ட ஒட்டித்தான் பள்ளமெல்லாம் எடுப்பா தெரியும். 10 மடங்கு பைனாகுலரே போதும், முழங்கைய மட்டும் சுவத்துலயோ நாற்காலியிலயோ முட்டுக் குடுத்துக்கங்க, இல்லேன்னா நிலா டான்ஸ் ஆடும்.

அமாவாசை முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல மேற்க பாத்தா பிறையோட மிச்ச வட்டமும் சாம்பலா தெரியும். அது பூமியில பட்டு நிலாவுக்குப் போய் திரும்பி வர்ற சூரிய வெளிச்சம். வடக்கு அரைக்கோளத்துல வசந்தத்துலதான் சாயங்காலப் பிறை அடிவானத்த விட்டு நல்லா மேல நிக்கும், அதனால இது பாக்க தோதான சீசன்.

நட்சத்திரத்துக்கு என்னோட வழி ஒண்ணே ஒண்ணு, சப்தரிஷி. ஏப்ரல் கடைசி, மே மாசத்துல ராத்திரி ஒன்பது மணி வாக்குல வடக்கு பக்கம் பாத்தா நாலு நட்சத்திரம் கிண்ணம் மாதிரி, மூணு வளைஞ்ச கைப்பிடி மாதிரி இருக்கும். கைப்பிடியில நடுவுல இருக்குறவர் வசிஷ்டர், பக்கத்துலயே மங்கலா ஒட்டிக்கிட்டு அருந்ததி, கண்ணு நல்லா இருந்தா தனியா தெரியும். அந்த வளைவ அப்படியே நீட்டிக்கிட்டே போங்க, கைய நீட்டி முஷ்டிய மடக்குனா ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி, மூணு முஷ்டி தள்ளி ஆரஞ்சு கலர்ல பளிச்சுனு ஒண்ணு வரும், அதான் சுவாதி. இன்னும் மூணு முஷ்டி போனா நீலம் கலந்த வெள்ளையில சித்திரை. ரெண்டோட கலரையும் மாத்தி மாத்தி பாருங்க, நட்சத்திரத்துல சூடு கூடக்கூட நீலமாகும்னு புத்தகத்துல படிச்சது எனக்கு அங்கதான் புரிஞ்சுது.

சுவாதி பத்தி ஒரு கதை. 1933ல சிகாகோ கண்காட்சியில அதோட வெளிச்சத்த டெலஸ்கோப்ல புடிச்சு, ஃபோட்டோசெல்ல (வெளிச்சம் பட்டா மின்சாரம் குடுக்குற கருவி) விழ வச்சு விளக்கெல்லாம் போட்டாங்க. 40 வருஷம் முன்ன, 1893ல அதே ஊர்ல நடந்த கண்காட்சி சமயத்துல கெளம்புன வெளிச்சம்னு அவங்க கணக்கு. இப்போ அளந்தா தூரம் சுமார் 37 ஒளியாண்டுதான், அதாவது வெளிச்சம் வந்து சேர 37 வருஷம், மூணு வருஷம் பிசகிடுச்சு பாவம் :)

கிரகத்துக்கு சீசன் கிடையாது, வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும், அதனால அன்னிக்கு எது எங்கன்னு ஆப்ல பாத்துக்கங்க. பொதுவா நட்சத்திரம் சிமிட்டும், கிரகம் சிமிட்டாம நிக்கும். வியாழன் இருந்தா பைனாகுலர்லயே பக்கத்துல வரிசையா புள்ளி புள்ளியா தெரியும், 1610 ஜனவரியில கலிலியோ பாத்த அதே நாலு நிலா, சில நாள் மூணுதான் தெரியும், ஒண்ணு முன்னாலயோ பின்னாலயோ ஒளிஞ்சிருக்கும்.

சனி வளையம் மட்டும் பைனாகுலர்ல ஆகாது, 25, 30 மடங்காவது வேணும். அதுவரைக்கும் ஆசை குறையலேன்னா அப்போ டெலஸ்கோப் வாங்குங்க, ஆனா ஸ்டாண்டு ஆடாததா பாத்து வாங்குங்க, என்னோடது காத்தடிச்சாலே ஆடுது.