கேன்சல் பண்ணிவிட்டு வந்துவிடலாமா?

கேள்வி: ஷார்ஜாவில் 16 வருடமாக ஏசி டெக்னீஷியனாக இருக்கிறேன். வயது 42. பேசிக் 2,000 திர்ஹம். ஓவர்டைம் சேர்த்தால் 3,000 சொச்சம் வரும். மனைவியும் பிள்ளைகளும் பட்டுக்கோட்டையில். மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாவது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தால் பத்தாவது நாளே விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறேன். திரும்பிப் போனால் ஊர் நினைப்பு. விசாவை கேன்சல் பண்ணிவிட்டு வந்துவிடலாமா, இல்லை ரூமில் எல்லாரும் சொல்வதுபோல் இன்னும் இரண்டு வருடம் பார்க்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஷார்ஜா

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

‘இன்னும் இரண்டு வருடம்’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நானும் மஸ்கட்டில், ரூவியில், 12 வருடம் இருந்தவன். எங்கள் ரூமில் ஐந்து பேர். அந்த வார்த்தையைச் சொல்லாதவர் ஒருவர் கிடையாது. முதலில் கடன் அடையட்டும் என்றோம். அப்புறம் தங்கச்சி கல்யாணம், அப்புறம் வீடு, அப்புறம் வீட்டுக்கு மாடி. விசாவை இரண்டு இரண்டு வருடமாகப் புதுப்பித்துப் புதுப்பித்து, வாழ்க்கையையும் அப்படியே எண்ணப் பழகிவிட்டோம்.

இதில் திர்ஹமும் ஆசை காட்டும். 1997லிருந்து அது டாலருக்கு 3.6725 என்று கட்டிவைத்த காசு. ரூபாய் இறங்க இறங்க அது ஏறிக்கொண்டே போகிறது. 2009ல் ஒரு திர்ஹம் 13 ரூபாய் பக்கம் இருந்தது, 2024ல் 22ஐத் தாண்டிவிட்டது. சம்பளம் ஏறாவிட்டாலும் ஊருக்கு அனுப்பும் தொகை ஏறுவதால், இப்போது போய் விடுவதா என்று தோன்றும். ஆனால் கொத்தனார் கூலியும் காலேஜ் ஃபீஸும் அதே இடத்திலா நிற்கின்றன? ரேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கிளம்பும் நாள் வரவே வராது.

விருந்தாளி மாதிரி ஆகிவிடுகிறேன் என்கிறீர்களே, அது எனக்கு நன்றாகப் புரிகிறது. 2010ல் நான் ஒரேயடியாக வந்து இறங்கிய முதல் மாதம், வீட்டில் எதைத் தொட்டாலும் கேள்வி கேட்டேன். பால் ஏன் இரண்டு இடத்தில் வாங்குகிறாய் என்றதற்கு மனைவி பதில் சொல்லவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கட்டத்துக்குக் கட்டம் பேனாவில் எழுதியிருந்தது: பால் ஒன்றரை, சிலிண்டர் மாற்றியது, மோட்டார் ரிப்பேர், கரண்ட் பில். வெள்ளிக்கிழமைக் கட்டங்களில் எல்லாம் ‘போன்’ என்று இருந்தது. அதுதான் நான். மேசையில் உட்கார்ந்து அந்த வருடத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நான் இல்லாமல் ஒரு குடும்பம் நடந்த விதம் அத்தனையும் அதில் இருந்தது. அன்றைக்குப் பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, கரண்ட் பில்லையும் சிலிண்டரையும் மட்டும் என்னிடம் விடு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கையெழுத்து அந்தக் கட்டங்களில் சகஜமாகத் தெரிய ஆறு மாதம் ஆனது.

அதனால்தான் கேட்கிறேன். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி கூட இல்லையே? 16 வருடம் அந்த வீட்டைத் தனியாக நடத்தியவர் அவர்தான். நீங்கள் வருவதில் அவருக்குச் சந்தோஷமும் இருக்கும், பயமும் இருக்கும். இரண்டையும் கேளுங்கள். போனில் வேண்டாம், நேரில் கேளுங்கள்.

என் கருத்து, வந்துவிடுங்கள். ஆனால் நாளைக்கே வேண்டாம். மகள் பிளஸ் டூ முடிப்பதை ஒட்டி உங்கள் விசா எப்போது முடிகிறது என்று பாருங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று இப்போதே கம்பெனிக்கும் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லாத தேதி தள்ளிக்கொண்டே போகும். எங்கள் ரூமில் அப்படித்தான் போனது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு வரும்போது கம்பெனி தரவேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி), அமீரகச் சட்டப்படி, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள். உங்கள் 16 வருடத்துக்கு 435 நாள் வருகிறது. ஒரே கம்பெனியில் இருந்திருந்தால் ஏறக்குறைய 29,000 திர்ஹம், ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். ஓவர்டைம் இதில் சேராது. 2022 பிப்ரவரியில் வந்த புதுச் சட்டத்துக்குப் பிறகு, நீங்களாகவே ராஜினாமா செய்தாலும் இதில் பிடித்தம் கிடையாது. வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கிரெடிட் கார்டு, பேங்க் லோன் ஏதாவது இருந்தால் கேன்சலுக்கு முன்பே அடைத்து, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிவிடுங்கள்; கடன் நின்றால் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ள நேரலாம். இந்தப் பணம் வந்ததும் பிளாட் போடலாம், ஹோட்டல் வைக்கலாம் என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். ஒரு வருடத்துக்கு அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். மகளின் காலேஜ் அதில்தான் இருக்கிறது.

உங்கள் கையில் தொழில் இருக்கிறது, அது எனக்கு இருந்ததைவிடப் பெரிய பலம். நான் ஸ்டோர் கீப்பராக இருந்தவன், ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பட்டுக்கோட்டையில் இப்போது ஏசி இல்லாத தெரு இருக்கிறதா? ஆனால் நீங்கள் அங்கே பெரிய கட்டடங்களின் சென்ட்ரல் ஏசியையே பார்த்துப் பழகியிருந்தால், ஊரில் வீட்டுக்கு வீடு ஸ்ப்ளிட் ஏசி, இன்வர்ட்டர் போர்டு, ஏணி வைத்து ஏறும் வேலை. கஸ்டமரிடம் காசு வாங்குவது தனி வித்தை. தஞ்சாவூர், திருச்சி ஆஸ்பத்திரிகளிலும் ஜவுளிக்கடைகளிலும் பெரிய மெஷின் வேலைக்கு ஆள் எடுப்பார்கள், அங்கேயும் விசாரியுங்கள்.

இந்த முறை லீவை டிசம்பரில் போடாதீர்கள். சீசன் சூடுபிடிக்கும் ஏப்ரலில் வாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவருடன் மூன்று வாரம் சும்மா கூடவே போங்கள். கேஸ் அடிக்க என்ன வாங்குகிறார்கள், ஒரு நாளில் எத்தனை வீடு பார்க்க முடிகிறது என்று கண்ணால் பாருங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். லீவு முடிகிறதே என்ற கணக்கு அப்போது எவ்வளவு ஞாபகம் வருகிறது என்றும் கவனியுங்கள்.

பெட்டி 30 கிலோதானே. கோடாலித் தைலத்தையும் பால்பவுடரையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ஏசியில் கேஸ் பிரஷர் பார்க்கும் உங்கள் கேஜ் செட்டை வைக்க இடம் விடுங்கள்.