அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியது கருத்தா, குற்றமா?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். எனக்கு வயது 61. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோவையில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் சொந்த வீட்டில் இருக்கிறேன். 2025 ஜூன் மாதம் எங்கள் மாடியில் ஒரு திருநங்கை வாடகைக்கு வந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தபோது, ஆண், பெண் என்பது பிறப்பில் வருவது, மனதால் மாறுவதை நான் ஏற்கவில்லை என்று எழுதினேன். இதையெல்லாம் பள்ளிப் பாடத்தில் வைக்கக் கூடாது என்றும் எழுதினேன். அவர் பதில் சொன்னார், நானும் விடவில்லை. வாக்குவாதம் முற்றி, அவருடைய பழைய ஆண் பெயரைச் சொல்லி ‘அவன்’, ‘இவன்’ என்று எழுதினேன். அப்படி எழுத வேண்டாம் என்று இரண்டு மூன்று தடவை கேட்டுக்கொண்டார். அவருடைய கல்லூரிக் காலப் போட்டோ ஒன்று கிடைத்தது, அதையும் போட்டேன். ‘ராத்திரியில் அங்கே என்ன தொழில் நடக்குதோ, வீட்டுக்காரர்கிட்ட சொல்லி காலி பண்ண வைக்கணும்’ என்றும் எழுதினேன். பிறகு பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் கொடுத்தோம்.

இப்போது அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் எழுத்துமூலம் மன்னிப்பும் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் தராவிட்டால் கிரிமினல் புகார் என்கிறார்கள். இந்த நாட்டில் கருத்துச் சுதந்திரம் இல்லையா? பயத்தில் பதிவுகளை அழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா? அவரும் ஃபேஸ்புக்கில் பெயர் சொல்லாமல் என்னைப் ‘பிற்போக்குவாதி’, ‘வெறுப்பைப் பரப்புகிறவர்’ என்று எழுதியிருக்கிறார். நான் திருப்பி வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் முதல் இரண்டு பதிவுகளுக்காக உங்கள் மீது வழக்குப் போட்டால் அது நிற்காது. அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதற்கும் செய்ததற்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நோட்டீஸ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கலாம். நீங்களும் எல்லாவற்றையும் ‘கருத்து’ என்ற ஒரே பெயரில் பார்க்கிறீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிறப்பால் வருவதுதான் பாலினம் என்பது உங்கள் நம்பிக்கை. பாடத்தில் வைக்கக் கூடாது என்பது அரசின் கொள்கை பற்றிய உங்கள் எண்ணம். இரண்டோடும் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அது இங்கே முக்கியமில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) உங்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. 19(2)-ல் உள்ள காரணங்களுக்காக மட்டும்தான் அதைக் கட்டுப்படுத்தலாம்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு, நாகரிகம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இந்தப் பட்டியலில் இல்லாத புதுக் காரணத்தைச் சொல்லிப் பேச்சை முடக்க முடியாது என்று கௌஷல் கிஷோர் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. கேட்பவருக்கு எரிச்சலாக இருக்கிறது, மனம் புண்படுகிறது என்பது மட்டும் போதாது. எரிச்சலூட்டும் இணையப் பதிவுக்கே ஜெயில் என்றிருந்த தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. விவாதிக்கலாம், ஒரு கருத்துக்காக வாதாடலாம், அது தூண்டுதலாக மாறும் இடத்தில்தான் சட்டம் குறுக்கே வரலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் ஊரில் நடந்த ஒரு வழக்கையும் சொல்கிறேன். 2005-ல் நடிகை குஷ்பு, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகைப் பேட்டியில் தன் கருத்தைச் சொன்னார். தமிழ்நாட்டில் பல ஊர் கோர்ட்டுகளில் அவர் மீது புகார்கள் குவிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 23 புகார்களையும் ரத்து செய்தது. பெரும்பான்மையினருக்குப் பிடிக்காத கருத்து என்பதற்காகக் கிரிமினல் சட்டத்தை ஏவ முடியாது, சமூக ஒழுக்கம் பற்றிய எண்ணம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அன்று முற்போக்கான ஒரு கருத்தைக் காப்பாற்றிய தீர்ப்பு, இன்று உங்கள் பழமையான கருத்தையும் காப்பாற்றும். அதனால்தான் அந்தத் தீர்ப்பின் மீது எனக்கு மரியாதை.

சரி, அதே 19(1)(அ) அந்தப் பெண்ணுக்கும் உண்டு என்பதை யோசித்தீர்களா? 2014 ஏப்ரல் 15 அன்று, திருநர் உரிமைக்காக தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணனும் ஏ.கே.சிக்ரியும் தந்த தீர்ப்பு, ஒருவர் தன் பாலின அடையாளத்தை உடையால், சொல்லால், நடத்தையால் வெளிப்படுத்துவதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று தெளிவாகச் சொன்னது. அவர் சேலை கட்டுவதும், தனக்கென ஒரு பெயரை வைத்துக்கொள்வதும் அவருடைய பேச்சுரிமை. கருத்துச் சுதந்திரம் உங்கள் பக்கம், அடையாள உரிமை அவர் பக்கம் என்று பிரித்துப் பார்த்தால் இந்த வழக்கு உங்களுக்குப் புரியாது.

இனி பழைய பெயருக்கு வருவோம். ஒருவரைப் பழைய பெயரில் கூப்பிட்டாலே இத்தனை வருஷம் தண்டனை என்று தனியாக ஒரு சட்டம் இங்கே இல்லை. வாய் தவறி ஒரு தடவை வந்தால் அது குற்றமும் இல்லை. ஆனால் திருநர் (திருநங்கை, திருநம்பி போன்றோர்) உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 18(டி), திருநர் ஒருவரின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு செய்வதைக் குற்றம் என்கிறது. சொல்லால், உணர்வால் துன்புறுத்துவதையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எது துன்புறுத்தல் என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. நீதிபதி சூழ்நிலையைத்தான் பார்ப்பார். அவர் வேண்டாம் என்று கேட்டார். ஒரு தடவை அல்ல. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் நீங்கள் தொடர்ந்து அதையே எழுதினீர்கள். இது வாதம் செய்ய எழுதியதா, அவரை அவமானப்படுத்த எழுதியதா என்று கேட்டால், உங்கள் வக்கீலாக நான் நின்றாலும் பதில் சொல்லத் திணறுவேன்.

போட்டோ இன்னும் சிக்கல். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். தன் கடந்த காலத்தை யாரிடம், எப்போது சொல்வது என்பது அவர் முடிவு செய்ய வேண்டியது. பழைய பெயரும் பழைய படமும் ஒன்றாக வெளியே வந்தால், அதை வைத்து யார் வேண்டுமானாலும் அவர் குடும்பத்தைத் தேடிப் போகலாம். சொந்தக் குடும்பத்தின் அடிக்குப் பயந்து ஊரை விட்டு வந்த திருநங்கைகள் எத்தனையோ பேர். இவர் கதை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே அந்தப் படத்தைப் போட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

‘என்ன தொழில் நடக்குதோ’ என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. நல்ல வேலையில் இருந்தாலும், முன்பணம் கையில் இருந்தாலும், இந்த ஒரு சந்தேகத்தைச் சொல்லித்தான் திருநங்கைகளுக்கு வீட்டுக் கதவை அடைக்கிறார்கள். இது கருத்து அல்ல. ஒரு குறிப்பிட்ட நபர் மீது, ஆதாரமே இல்லாமல் வைத்த குற்றச்சாட்டு. கேள்வி மாதிரி எழுதியதால் தப்பிக்க முடியாது, மறைமுகமாகச் சொன்னாலும் அவதூறு அவதூறுதான். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) பிரிவு 356-ன்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. உண்மை என்று நிரூபித்து, பொதுநலனுக்காகச் சொன்னேன் என்றும் காட்டினால் விலக்கு உண்டு. உங்களிடம் அப்படிக் காட்ட எதுவுமே இல்லை. 5 லட்சம் நஷ்டஈடு கேட்பதற்கும் இந்த வரிதான் முக்கியக் காரணமாக இருக்கும்.

வீட்டு உரிமையாளருக்குக் கொடுத்த கடிதத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் பார்வையில் உங்களுக்குப் பெரிய ஆபத்து அதுதான். 2019 சட்டத்தின் பிரிவு 18(சி), ஒரு திருநரை அவர் வசிக்கும் இடத்தை விட்டு வெளியேற வைப்பதைக் குற்றமாக்குகிறது. வீட்டை வாடகைக்கு எடுக்கவும் குடியிருக்கவும் உள்ள உரிமையில் பாரபட்சம் கூடாது என்கிறது பிரிவு 3. அவர் இன்னும் காலி செய்யவில்லை என்பதால் குற்றம் முழுமையாக நடக்கவில்லை என்று உங்கள் வக்கீல் வாதாடலாம், நல்ல வாதம்தான். ஆனால் ‘காலி பண்ண வைக்கணும்’ என்ற உங்கள் வார்த்தையும், அதற்குப் பின்னால் வந்த கடிதமும், பதினோரு கையெழுத்தும் சேர்ந்தால் நோக்கம் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. கையெழுத்துப் போட்ட மற்ற பத்துப் பேருக்கும் இது தெரிய வேண்டும். உரிமையாளரும் உங்கள் கடிதத்தை வைத்து அவரை வெளியேற்ற முடியாது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் வெளியேற்றுவதற்கான காரணங்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அக்கம்பக்கத்தாருக்கு ஒருவரின் பாலினம் பிடிக்கவில்லை என்பது அதில் இல்லை.

பிரிவு 18-க்குத் தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் என்பதைக் கவனியுங்கள், வெறும் அபராதத்தோடு முடியாது. இந்தச் சட்டத்தில் எனக்கே குறைகள் தெரிகின்றன. உடல் ரீதியான பாலியல் கொடுமைக்கும் வாய்ச்சொல்லுக்கும் ஒரே தண்டனை வைத்தது பெரிய அநியாயம். ஒரு பெண்ணுக்கு நடந்தால் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை கிடைக்கக்கூடிய கொடுமை திருநங்கைக்கு நடந்தால் இந்தப் பிரிவில் உச்சமே இரண்டு ஆண்டுதான். மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்பதால் இது ஜாமீனில் வரக்கூடிய குற்றம். மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்கவும் முடியாது. இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மாஜிஸ்திரேட்டிடம் அவர் நேரடியாகவே தனிப்புகார் கொடுக்கலாம்.

பதிவுகளை அழித்ததால் பயன் இல்லை. குழுவில் இருக்கும் ஒருவராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-ல் சொல்லியுள்ள சான்றிதழோடு தாக்கல் செய்தால் அது சாட்சியம். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தீர்களா, முன்பா என்று உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை, கோர்ட்டுக்கு வரவிடாமல் தடுப்பதற்காக அழிப்பது பி.என்.எஸ். 241-ன்படி தனிக் குற்றம். இனி எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலே வழக்கு தானாகப் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு ஃபேஸ்புக் பதிவை 2018-ல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர் அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

அப்படியென்றால் மன்னிப்பு எதற்கு என்பீர்கள். நேரம்தான் காரணம். அவதூறு வழக்கைப் பாதிக்கப்பட்டவர் பின்னால் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். 2019 சட்டத்தின் பிரிவு 18 அப்படிச் சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. புகார் பதிவான பிறகு இருவரும் ஒத்துப்போனாலும், ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். ஆகவே பேசி முடிப்பதென்றால் புகாருக்கு முன்பே முடியுங்கள். மன்னிப்பில் பொதுவான வார்த்தைகள் வேண்டாம். பழைய பெயரையும் படத்தையும் போட்டது தவறு, தொழில் பற்றி எழுதியது ஆதாரமற்றது, இரண்டையும் திரும்பப் பெறுகிறேன் என்று அவருடைய இன்றைய பெயரைப் போட்டு எழுதுங்கள். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று எழுதினால் அவருக்கு அது இன்னொரு அவமானமாகத்தான் படும். உங்கள் முதல் இரண்டு பதிவுகளுக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, அவருடைய வக்கீலும் அதை வற்புறுத்த முடியாது. வாசகத்தை உங்கள் வக்கீல் வழியாகவே அனுப்புங்கள். சமரசத்துக்காக, சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் எழுதப்படுகிறது என்ற வரியை அவர் சேர்ப்பார். அப்புறம் 5 லட்சம் என்பது பேச்சைத் தொடங்கும் தொகை. மன்னிப்பு உண்மையாக இருந்தால் பல வழக்குகளில் பணப் பேச்சு தானாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

திருப்பி வழக்குப் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ‘பிற்போக்குவாதி’ என்பது உங்கள் நிலைப்பாட்டைப் பற்றிய அவருடைய கருத்து, உங்கள் முதல் பதிவு எப்படியோ அப்படியே. ‘வெறுப்பைப் பரப்புகிறவர்’ என்பதைக் கொஞ்சம் வாதாடிப் பார்க்கலாம், ஆனால் அவர் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அதோடு, அந்த வார்த்தை ஏன் வந்தது என்று காட்ட நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் அவரே கோர்ட்டில் படித்துக் காட்டுவார்.

நோட்டீஸ் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டு உரிமையாளருக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மன்னிப்பைவிட இது அவசரம், ஏனென்றால் அந்தக் கடிதத்தால் அவர் வீட்டை இழந்தால் உங்கள் நிலைமை வேறு. மற்ற பத்துப் பேரையும் அழைத்துப் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி இனி ஒரு வரியும் வேண்டாம், நண்பர்கள் உங்களுக்கு ஆதரவாக எழுதினாலும் நிறுத்தச் சொல்லுங்கள். நேரில் போய்ப் பேசிச் சரிசெய்கிறேன் என்று அவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள், மிரட்ட வந்ததாக அவருக்குத் தோன்றினால் அதில் நியாயம் இருக்கும். நோட்டீஸ், அது வந்த தபால் உறை, உரிமையாளருக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், உங்கள் போன் நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கோவையில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.