மகள் படித்தது டெக்சாஸில், வேலை கலிஃபோர்னியாவிலா?

வணக்கம் அம்மா. உங்கள் மகள் டெக்சாஸில் தாதிமைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். உங்கள் தம்பி கலிஃபோர்னியாவில் இருப்பதால், படிப்பு முடிந்ததும் மாமா வீட்டில் தங்கி அங்கேயே வேலை பார்க்கட்டும் என்று நினைக்கிறீர்கள். மாநிலம் மாறினால் மறுபடியும் பரீட்சை எழுத வேண்டுமா என்பதுதான் உங்கள் கவலை. வேண்டாம், பரீட்சை ஒன்றுதான். ஆனால் எந்த மாநிலத்தின் உரிமத்துக்காக எழுதுகிறாள் என்பதைப் படிப்பு முடியும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

சிங்கப்பூரில் நமக்கு ஒரே தாதிமை வாரியம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி வாரியம். தாதியர் உரிமத்துக்காக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு மட்டும் நாடு முழுவதற்கும் பொது. படித்த மாநிலத்தில்தான் உரிமம் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவள் கலிஃபோர்னியா வாரியத்துக்கே விண்ணப்பித்துவிட்டு, டெக்சாஸில் உள்ள தேர்வு மையத்தில் எழுதலாம். தேறினால் கலிஃபோர்னியா உரிமம் கிடைக்கும். முதலில் டெக்சாஸ் உரிமம் வாங்கி, பிறகு அதைக் காட்டிக் கலிஃபோர்னியாவில் வாங்குவது இன்னொரு வழி. அதற்கும் மறுபரீட்சை கிடையாது. ஆனால் புதிய விண்ணப்பம், கட்டணம், கைரேகை, காத்திருப்பு எல்லாம் உண்டு.

"ஒரு லைசென்ஸ் இருந்தால் நாற்பது மாநிலத்தில் வேலை பார்க்கலாமாமே" என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, டெக்சாஸும் அதில் உண்டு. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அதில் சேரவில்லை. அதனால் டெக்சாஸ் உரிமத்தை வைத்துக்கொண்டு உங்கள் தம்பி ஊர் மருத்துவமனையில் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது.

இதில் அவசரம் எதற்கு என்றால், விசா. மாணவர் விசாவில் படித்தவர்களுக்குப் பட்டத்துக்குப் பிறகு 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு. அதை ஓபிடி என்பார்கள். அந்தக் காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. உரிமமோ வாரியம் தரும் தற்காலிக அனுமதியோ கைக்கு வராமல் தாதியாக வேலையில் சேர முடியாது. வாரியத்தில் கோப்பு தூங்கினாலும் அந்த 90 நாளில்தான் கழியும். ஓபிடி தொடங்கும் தேதியைப் படிப்பு முடிந்த 60 நாளுக்குள் எதுவாகவும் அவளே தேர்ந்தெடுக்கலாம். இதைப் பற்றிக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இப்போதே பேசச் சொல்லுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், மாமா வீட்டை வைத்து மாநிலத்தை முடிவு செய்யாதீர்கள், வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. சாதாரண வார்டில் ஐந்து பேர். அதனால் அங்கே போக ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அனுபவம் இல்லாத புதுப் பட்டதாரிகளுக்கு அங்கே போட்டி கடுமை. அவள் பயிற்சிக்குப் போன டெக்சாஸ் மருத்துவமனையில் வார்டு மேலாளருக்கு அவள் முகம் தெரியும், வேலை தெரியும். அங்கே இடம் தருவதாகச் சொன்னால் தயங்காமல் டெக்சாஸ் உரிமத்தையே வாங்கட்டும். ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகும் வேலை பார்க்க அனுமதி இருந்தால் கலிஃபோர்னியாவுக்கு மாறிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் வேலை உறுதியாகிவிட்டால் மட்டும் நேரே அங்கே விண்ணப்பிக்கட்டும்.

அப்புறம், சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. கடப்பிதழில் பெயர் "இன்னார் டி/ஓ இன்னார்", அதாவது இன்னாரின் மகள் இன்னார், என்று இருக்கும். அமெரிக்கப் படிவங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். கல்லூரியில் ஒரு மாதிரி, வாரியத்தில் ஒரு மாதிரி, தேர்வுப் பதிவில் ஒரு மாதிரி நிரப்பிவிடுவார்கள். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள ஆவணமும் பதிவில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய 200 டாலரும் போகும். ஒரு எழுத்தும் மாறாமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

சமூகப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல மாநில உரிமத்துக்கு அது கட்டாயம். நூலகத்திலோ உணவகத்திலோ வளாகத்துக்குள் ஒரு சின்ன வேலையில் சேர்ந்தால்கூட அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். ஓபிடி அனுமதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஓபிடியின் ஓராண்டு முடிந்த பிறகு என்ன என்றால், பெரும்பாலும் மருத்துவமனை மூலம் கிரீன் கார்டுதான் வழி. அமெரிக்காவில் படித்திருந்தாலும் அதற்கு, வெளிநாட்டுத் தாதியரின் படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ் தேவை. கிரீன் கார்டு வரிசையில் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்ப்பார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது. சிங்கப்பூரில் பிறந்தவர்களுக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை. பிரசவத்துக்கு நீங்கள் ஊருக்குப் போனீர்களா, இங்கேயே பெற்றீர்களா? அதைச் சொல்லுங்கள், அடுத்த கட்டத்தை அதை வைத்துத்தான் திட்டமிட முடியும்.