பிளவுபட்ட சமூகத்தில் அமைதிக்காகச் சாதாரண மக்கள் ஏன் முன்வருகிறார்கள்?

நான் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். நான் பார்த்தவரை, முதலில் இழுத்துக்கொண்டு வருவது பிழைப்புதான். மற்றதெல்லாம் கிட்டப் போன பிறகு வருகிறது.

2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் தலித் மக்களின் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். சாதி மாறி நடந்த ஒரு திருமணத்தை ஒட்டி வந்த வெறியாட்டம். எங்கள் ஊர் அங்கிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் மறுநாள் முதல் எங்கள் ஊர்க் காலனியிலிருந்து ஒருவரும் எங்கள் பக்கம் வேலைக்கு வரவில்லை. தக்காளியோ பழுத்து நிற்கிறது. இன்னும் இரண்டு நாள் விட்டால் மண்டியில் சீந்த ஆளிருக்காது.

நாலாம் நாள் அம்மா காலனிக்கே போனார். நானும் கூடப் போனேன். இருபது வருஷமாக எங்களுக்குப் பழம் பறிக்கும் அக்கா, "வர பயமா இருக்குதும்மா, வழியில பசங்க நிக்கிறாங்க" என்றார். பக்கத்தில் அவருடைய அண்ணன் மகள், நத்தத்திலிருந்து வந்தவள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே பாதி கருகிய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அம்மா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். என் தங்கைக்கும் அதே வயசு. அப்புறம் தக்காளி பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

கென்யாவின் வஜீரில் 1990களில் குலங்களுக்குள் சண்டை நடந்தபோது, எந்தக் குலத்துப் பெண்ணும் சந்தையில் வாங்கலாம், விற்கலாம் என்பதைத்தான் பெண்கள் முதலில் உறுதி செய்தார்கள். கொலம்பியாவில் அரசும் கிளர்ச்சிப் படையும் செய்துகொண்ட அமைதி ஒப்பந்தம் 2016 வாக்கெடுப்பில் நூலிழையில் தோற்றது. ஆனால் 2002இல் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் குண்டு விழுந்து செத்த பொஹாயாவில் 96 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். இழப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலையாள் திரும்பி வந்துவிட்டதை அமைதி என்று நான் சொல்ல மாட்டேன். வீடு எரிந்தவர்களிடம் போய் 'மறந்துவிடுங்கள்' என்று கேட்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. பேச வேண்டியது நம் வீட்டு ஆட்களிடம்.

காலனிக்குப் போய்வந்த மறுநாளிலிருந்து மூன்று வாரம், காலையில் அம்மாவே போய் வேலைக்கு வருபவர்களைக் கூட்டி வந்தார், சாயங்காலம் கொண்டுபோய் விட்டார். வழியில் நின்றவர்களில் எங்கள் பங்காளி மகனும் ஒருவன். "உங்கம்மா வயசுடா அவங்களுக்கு, தள்ளி நில்லு" என்றார் அம்மா. அவன் தள்ளி நின்றான். வெளியாள் சொல்லியிருந்தால் அசைந்திருக்க மாட்டான்.