கூறெடுப்பு (எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கும் சாம்ப்ளிங்) முறைகளை ஆராயும் பேராசிரியர் குழுவில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாமா? அது வெறும் சர்வே வேலைதானே?

அந்த 'வெறும்' என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். நீங்கள் எம்.எஸ்ஸி. முடித்திருப்பீர்கள்; வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நானும் அந்த நிலையில்தான் சேர்ந்தேன்.

திருநெல்வேலிச் சீமையில் இரண்டு புள்ளியியல் பேராசிரியர்கள் நடத்திய குழு எங்களுடையது. பீடி சுற்றும் பெண்கள் வீட்டுக் கணக்கெடுப்பில் ஏன் விடுபட்டுப் போகிறார்கள் என்பதே ஆய்வு. முக்கூடல் பக்கம் ஓர் ஊரில் இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒன்றை என்னிடமும் மற்றதை எனக்கு மூத்த மாணவரிடமும் கொடுத்தார்கள். வங்காளத்தில் சணல் பயிரை மதிப்பிட்டபோது இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் கையாண்ட வழி அது. இருவர் விடையும் தற்செயலுக்கு மேல் விலகினால், எடுத்தவரிடம் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விலகியது. அந்த மூத்த அண்ணன் கொண்டுவந்ததைவிட என் கணக்கில் பீடி வீடுகள் மிகவும் குறைவு. அந்த இரண்டு பேராசிரியர்களில் ஒருவரான எங்கள் மேடம் தாள்களைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "பூட்டியிருந்த வீடுகளுக்கு என்ன செய்தாய்?"

இருபதில் ஏழு வீடுகள் பூட்டியிருந்தன. அவற்றுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டு, அங்கே கேட்டு எழுதியிருந்தேன். அதே தெரு, அதே சனம், என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மேடம் திட்டவில்லை. சாயங்காலம் மறுபடி போகச் சொன்னார்.

போனேன். ஏழில் ஆறு வீடுகளில் பெண்கள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் அவர்கள் சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கப் பீடிக்கடைக்குப் போயிருந்திருக்கிறார்கள். நான் தேடிப்போனவர்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்களோ, அந்த நேரமாகப் பார்த்துத்தான் நான் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் கணவர், "இவள் சும்மாதான் இருக்கிறாள்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்த அக்காவின் விரல்கள் நிற்கவே இல்லை.

'நாலு தெரு சுற்றியதற்கு முனைவர் பட்டமா' என்று இங்கே சிலர் கேட்பார்கள். கணிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹார்விட்ஸ், தாம்சன் என்ற புள்ளியியலாளர்கள் 1952இல் தந்த மதிப்பீட்டில், ஒவ்வொரு வீடும் தேர்வாகும் நிகழ்தகவின் தலைகீழே கணக்கில் அதற்குத் தரும் எடை. பக்கத்து வீட்டை நானாக நுழைத்தபோது அந்த நிகழ்தகவு யாருக்கும் தெரியாததாகிவிட்டது. சூத்திரம் அப்படியே இருக்க, விடை மட்டும் பொய்யானது. மாதிரியை இருபதிலிருந்து இருநூறாக்கினாலும் அந்தப் பிழை குறையாது. பூட்டிய வீட்டுக்கு எத்தனை முறை போவது, எந்த நேரத்தில் போவது, கடைசிவரை கிடைக்காதவர்களுக்கு எடையை எப்படித் திருத்துவது என்பதிலேயே என் நான்கு ஆண்டுகள் போயின. அது ஆராய்ச்சிதான். வேறு துறையில் இருந்துகொண்டு இதை இளக்காரமாகப் பேசுபவர்கள் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டிவிட்டு வரட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண்கள் விடுதியில் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்குப் பூட்டே கிடையாது. சாயங்காலம் போனால்தான் தரவு கிடைக்கும் என்று நிரூபித்த எனக்கு, சாயங்காலம் போக ஒவ்வொரு முறையும் தனிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒருநாள் பஸ் தாமதமாகி, விடுதி வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். பத்து ஆண்டுகளாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

நீங்கள் பார்த்துவைத்திருக்கும் குழு எது என்று எனக்குத் தெரியாது. சேருமுன் அங்குள்ள மாணவர்களிடம் பேசுங்கள். பூட்டிய வீட்டுக்கு அங்கே என்ன விதி, பேராசிரியர் கடைசியாக எப்போது அவர்களோடு களத்துக்கு வந்தார் என்று கேளுங்கள். எங்கள் மேடம் அன்று சாயங்காலம் என்னை மட்டும் அனுப்பவில்லை. கடைசி இரண்டு வீடுகளுக்கு அவரும் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.